கிதாரிலிருந்து பேஸ் ஒலி: அதிர்வெண்ணைப் பாதியாக்கும் பெட்டிகள்

ஓர் இசைக்குழுவில் கிதார் வாசிப்பவர் ஒருவர், டிரம்ஸ் வாசிப்பவர் ஒருவர் என இருவர் மட்டுமே இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாட்டு உண்டு, தாளமும் உண்டு. ஆயினும் கேட்பவர்களுக்கு ஏதோ ஒன்று குறைவதாகவே தோன்றும். பாட்டை அடியில் இருந்து தாங்கும் கனத்த கீழ்ச்சுரங்கள்தாம் அங்கே இல்லாதவை. அவற்றைத் தரும் கருவி பேஸ் கிதார். இளையராஜா 1980-களில் இசையமைத்த பாடல்களை உற்றுக் கேட்டவர்களுக்கு, பாடகரின் குரலுக்கு அடியில் தனி வழியில் நடந்து செல்லும் அந்த ஒலி பழக்கமானதாக இருக்கும்.

பேஸ் வாசிக்க ஆள் இல்லையென்றால் என்ன செய்வது? அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரைச் சேர்ந்த 'தி ஒயிட் ஸ்டிரைப்ஸ்' இப்படிப்பட்ட இருவர் குழுதான். அவர்கள் 2003-இல் வெளியிட்ட 'செவன் நேஷன் ஆர்மி' என்ற பாடலின் தொடக்கத்தில் வரும் கனத்த ஒலியைப் பலரும் பேஸ் கிதார் என்றே எண்ணினார்கள். உண்மையில் ஜாக் ஒயிட் வாசித்தது சாதாரண கிதார். 'வாமி' என்னும் கால்மிதிப் பெட்டி ஒன்று அதன் ஒலியை ஒரு ஸ்தாயி கீழே இறக்கித் தந்தது. 2006-ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியின்போது இத்தாலிய ரசிகர்கள் கூட்டமாகப் பாடிக் களித்ததும் அதே சுரவரிசையைத்தான்.

இவ்வகைப் பெட்டிக்கு ஆக்டேவ் பெடல் என்று பெயர். கிதாருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே தரையில் வைத்துக் காலால் அழுத்தி இயக்குவது. கடையில் இதில் பல வகை உண்டு. விலையிலும் பெரிய வேறுபாடு உண்டு. சேமித்த பணத்தில் ஒன்றை வாங்கிவந்து, வீட்டில் வாசித்துப் பார்க்கும்போது அது தவளைபோல் கரகரத்தால் வருத்தமாக இருக்குமல்லவா? பெட்டிக்குள் அதிர்வெண் எப்படிப் பாதியாகிறது என்பதை அறிந்துகொண்டால் இந்த ஏமாற்றத்தைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். அதற்கு வேண்டிய இயற்பியல் உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

கம்பியின் கணக்கு

ஒரு சுரத்தின் அதிர்வெண் இரு மடங்கானால் அது ஒரு ஸ்தாயி மேலே போகிறது. பாதியானால் ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. கிதாரின் ஆறு கம்பிகளில் தடித்த நான்கின் அதிர்வெண்கள் ஏறத்தாழ 82, 110, 147, 196 ஹெர்ட்ஸ். பேஸ் கிதாரின் நான்கு கம்பிகள் 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். ஒவ்வொன்றும் கிதார்க் கம்பியில் சரிபாதி. ஆகவே கிதாரை பேஸ் ஆக்குவது என்றால் அதிர்வெண்ணை இரண்டால் வகுப்பது என்றே பொருள்.

கம்பியைக் கொண்டே இதைச் செய்ய முடியாதா? சுரமானிச் சோதனையை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். கம்பியின் அதிர்வெண் அதன் நீளத்திற்கு எதிர்விகிதத்திலும், இழுவிசையின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்திலும், ஓரலகு நீளத்தின் நிறையின் வர்க்கமூலத்திற்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். அதிர்வெண் பாதியாக வேண்டுமானால் இழுவிசையை நாலில் ஒரு பங்காகத் தளர்த்த வேண்டும். அப்போது கம்பி தொளதொளத்து, கழுத்திலுள்ள உலோகப் பட்டைகளில் மோதிச் சலசலக்கும். நீளத்தை இரட்டிக்கலாம் என்றால், வழக்கமான கிதாரில் அதிரும் நீளம் 648 மில்லிமீட்டர். இரட்டித்தால் 1,296 மில்லிமீட்டர் ஆகிவிடும். கை எட்டாது.

அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மின் பேஸ் கிதார் ஒரு நடுவழியைப் பின்பற்றியது. அதில் அதிரும் நீளம் 864 மில்லிமீட்டர்; அதாவது கிதாரைப்போல் மூன்றில் நான்கு மடங்கு. நீளத்தால் மட்டும் 82 ஹெர்ட்ஸ் 62 ஆகக் குறையும். அங்கிருந்து 41-க்கு இறக்குவது தடித்த, கனத்த கம்பியின் வேலை. அதனால்தான் பேஸ் தனிக் கருவியாக இருக்கிறது. கிதார்க் கம்பியைத் தொடாமல் அதே பலனைப் பெற வேண்டுமானால், கம்பி தரும் மின் குறிப்பலையைத்தான் மாற்ற வேண்டும்.

இரட்டிப்பது எளிது, பாதியாக்குவது கடினம்

மின் கிதாரின் கம்பிகளுக்கு அடியில் காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட ஓர் அமைப்பு உண்டு. அதற்குப் பிக்கப் என்று பெயர். எஃகுக் கம்பி அதிரும்போது சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. கம்பி விநாடிக்கு 110 முறை அதிர்ந்தால் மின்னழுத்தமும் 110 முறை ஏறி இறங்கும்.

இந்த அலையை இரட்டிப்பது மிக எளிது. முழு அலை திருத்தியை நீங்கள் படித்திருப்பீர்கள். டயோடுகள், அலையின் எதிர்ப்பாதியை மேலே மடித்துவிடுகின்றன. ஒரு மேடும் ஒரு பள்ளமும் இருந்த இடத்தில் இரண்டு மேடுகள் வருகின்றன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைத் திருத்தினால் 100 ஹெர்ட்ஸ் சிற்றலை கிடைப்பது இதனால்தான். ரோஜர் மேயர் என்ற ஆங்கிலப் பொறியாளர் ஜிமி ஹெண்டிரிக்ஸுக்காக உருவாக்கிய 'ஆக்டேவியா' என்னும் கருவி ஒலியை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றித் தந்தது. 1967-இல் வெளியான 'பர்ப்பிள் ஹேஸ்' பாடலின் கிதார்ப் பகுதியில் அதைக் கேட்கலாம்.

பாதியாக்குவதற்கு இப்படி ஒரு மடிப்பு போதாது. அலையில் ஒரு மேடு வருகிறது. அடுத்து இன்னொரு மேடு வருகிறது. இரண்டும் பார்வைக்கு ஒன்றேதான். இரண்டு மேடுகளுக்கு ஒரு மேடு என்று தர வேண்டுமானால், 'சென்ற முறை வந்தது ஒற்றையா, இரட்டையா?' என்பதைச் சுற்று நினைவில் வைத்திருக்க வேண்டும். இரட்டிக்க நினைவாற்றல் தேவையில்லை. பாதியாக்க அது கட்டாயம் தேவை. ஆக்டேவ் பெடல்களுக்குள் இருக்கும் வேறுபாடுகள் எல்லாம், எதை எப்படி நினைவில் வைக்கின்றன என்பதில்தான் இருக்கின்றன.

எண்ணும் பெட்டி

ஒரே ஒரு செய்தியை நினைவில் வைக்கும் மின்சுற்றை எக்கில்ஸ், ஜோர்டன் என்ற இரு ஆங்கிலேயர்கள் 1918-இல் அமைத்தார்கள். அதுவே ஃபிளிப்-ஃபிளாப். மின்விளக்கின் கயிற்றுச் சுவிட்சைப் போன்றது இது. ஒரு முறை இழுத்தால் எரியும். மறு முறை இழுத்தால் அணையும். இரு முறை இழுத்தால்தான் ஒரு முழுச் சுற்று நிறைவுபெறும். ஆகவே உள்ளே 110 துடிப்புகள் போனால் வெளியே 55 வரும். இன்னொரு ஃபிளிப்-ஃபிளாப்பைத் தொடர்ந்து இணைத்தால் 27.5 ஆகும். உங்கள் கைக்கடிகாரத்திலுள்ள குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதை 15 முறை பாதியாக்கினால் விநாடிக்குச் சரியாக ஒரு துடிப்பு கிடைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்!

1982-இல் வந்த பாஸ் நிறுவனத்தின் ஓ.சி-2 என்ற புகழ்பெற்ற பெடல் இந்த வகையைச் சேர்ந்தது. ஒரு ஸ்தாயி கீழே, இரண்டு ஸ்தாயி கீழே என்று அதில் இரண்டு தனிக் குமிழ்கள் உண்டு. ஆனால் ஃபிளிப்-ஃபிளாப் தருவது வெறும் சதுர அலை. அது கம்பியின் ஒலியைப்போல் மெல்லத் தேயாது. ஒரே வலிமையில் உறுமும். ஆகவே நல்ல பெட்டிகளில் ஃபிளிப்-ஃபிளாப்பை ஒலியாக நேரே பயன்படுத்துவதில்லை. அதை ஒரு சுவிட்சாகக் கொண்டு, கம்பியின் சொந்த அலையை ஒன்று விட்டு ஒரு சுற்றில் தலைகீழாகத் திருப்புகிறார்கள். நிமிர்ந்த சுற்று, கவிழ்ந்த சுற்று, மீண்டும் நிமிர்ந்த சுற்று என்று வரும்போது, அலை தன்னைத் திரும்பச் செய்ய முன்னைப்போல் இரு மடங்கு நேரம் எடுக்கிறது. அதிர்வெண் பாதியாகிவிட்டது! கம்பியின் ஒலி தேயும்போது பேஸும் கூடவே தேய்கிறது.

இந்த வகையில் காத்திருப்பு ஏறக்குறைய இல்லை. விரல் பட்டதும் பேஸ் பேசும். ஒலியிலும் நல்ல கனம் உண்டு.

எண்ணிக்கை எங்கே தவறுகிறது?

எண்ணுவதற்குத் தெளிவான மேடுகள் வேண்டும். கிதார்க் கம்பியின் அலை தூய சைன் அலை அன்று. 110 ஹெர்ட்ஸுடன் 220, 330 என்று மேற்சுரங்களும் கலந்திருக்கும். கம்பியை அதன் முனைக்கு அருகே மீட்டினால் 220 சில கணம் 110-ஐ மிஞ்சவும் கூடும். பெட்டி அப்போது 220-ஐ எண்ணிவிட்டு, பேஸைத் திடீரென்று மேலே தூக்கி, மறுபடி கீழே போடும். தவளைக் குரல் பிறப்பது இங்கேதான்.

இரண்டு கம்பிகளைச் சேர்த்து மீட்டினால் நிலைமை இன்னும் மோசம். 110-உம் 165-உம் கலந்த அலையில் உயரமான மேடுகளும் குட்டையான மேடுகளும் மாறி மாறி வரும். பெட்டி சிலவற்றை எண்ணும், சிலவற்றை விட்டுவிடும். ஆகவே எண்ணும் பெட்டிக்கு ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் ஆகும். கார்டு எனப்படும் சுரக்கூட்டங்களை அதனிடம் கொடுக்கக் கூடாது.

இதற்குக் கைகண்ட மருந்துகள் சில உண்டு. கழுத்தை ஒட்டிய பிக்கப்பைப் பயன்படுத்தினால் அடிப்படைச் சுரம் வலுவாக வரும். கிதாரின் டோன் குமிழைக் குறைத்தால் மேற்சுரங்கள் அடங்கும். வாசிக்காத கம்பிகளைக் கையால் தொட்டு அமைதிப்படுத்த வேண்டும். ஒலியைக் கரகரப்பாக்கும் வேறு பெட்டிகள் இருந்தால், ஆக்டேவ் பெடலை அவற்றுக்கு முன்னால் வைக்க வேண்டும். கெட்டுப்போன அலையை எண்ணுவது கடினம் அல்லவா?

துண்டு போடும் பெட்டி

எண்ணிக்கை முறையின் குறையை நீக்க வந்தவை கணினி முறைப் பெட்டிகள். இவை அலையின் உயரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக நினைவகத்தில் எழுதுகின்றன. குறுந்தகட்டில் கையாளப்பட்ட அளவு 44,100 முறை. எழுதியதைப் பாதி வேகத்தில் வாசித்தால் அதிர்வெண் பாதியாகிவிடும்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. பாதி வேகத்தில் வாசித்தால் 1 விநாடி இசை 2 விநாடி நீளும். ஒரு பாட்டு முடியும்போது பேஸ் பாதிப் பாட்டில்தான் இருக்கும்! இதைத் தவிர்க்க, பெட்டி இசையைச் சிறு துண்டுகளாக நறுக்குகிறது. ஒரு துண்டை மெதுவாக வாசித்து, அடுத்ததைத் தாண்டி, பிந்தையதோடு ஒட்டுகிறது. ஒட்டு தெரியாமலிருக்க, ஒரு துண்டு தேயும்போதே மறு துண்டு எழும்படி செய்கிறார்கள். டிஜிடெக் நிறுவனம் 1989-இல் அறிமுகப்படுத்திய வாமி, கணினி முறையில் சுருதியை மாற்றும் பெட்டி. கால்மிதியைச் சாய்ப்பதன் மூலம் சுருதியைப் படிப்படியாக வழுக்கவும் செய்யலாம்.

மற்றொரு முறையில், அலையைப் பல குறுகிய அதிர்வெண் பட்டைகளாக வடிகட்டிப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் தனித்தனியே அதிர்வெண்ணைப் பாதியாக்கி, மீண்டும் கூட்டுகிறார்கள். எப்படிச் செய்தாலும், பல கம்பிகளை ஒன்றாக மீட்டினாலும் குழம்பாத பெட்டிகள் இன்று கிடைக்கின்றன. நியூயார்க்கின் எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனம் 2005-இல் கொண்டுவந்த 'பாக்' என்ற பெடல் இவற்றில் பெயர்பெற்றது.

நமது இருவர் குழுவிற்கு மிகவும் பயன்படக்கூடிய வசதி இன்னொன்று. 2003-இல் வந்த ஓ.சி-3 பெடலில், கீழ்ச்சுரங்களுக்கு மட்டும் பேஸ் சேர்க்கும் அமைப்பு இருந்தது. கட்டைவிரல் தடித்த கம்பியில் பேஸ் வாசிக்க, மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் வழக்கம்போல் கிதார் வாசிக்கலாம்.

பணத்தால் வாங்க முடியாத ஒன்று

விலை உயர்ந்த பெட்டி எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். இயற்கை விதிக்கும் எல்லை ஒன்று உண்டு. 82 ஹெர்ட்ஸ் அலை ஒரு முறை முழுமையடைய 12 மில்லிவிநாடி ஆகும். ஒரு முழு அலையையாவது பார்க்காமல் அது என்ன சுரம் என்று எந்தப் பெட்டியும் சொல்ல இயலாது. ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்வதால், 12 மில்லிவிநாடி என்பது 4 மீட்டருக்கு அப்பாலுள்ள ஒலிபெருக்கியைக் கேட்பது போன்றது. இதைப் பொறுத்துக்கொள்ளலாம். துண்டுகள் நீளமானால் தாமதமும் கூடும். அப்போது டிரம்ஸுக்குப் பின்னால் பேஸ் தள்ளாடி வருவதாகத் தோன்றும்.

இரண்டு கீழ்ச்சுரங்கள் அருகருகே ஒலித்தால் எல்லை இன்னும் கடுமையாகிறது. கிதாரின் மிகத் தாழ்ந்த இரு அடுத்தடுத்த சுரங்கள் 82-உம் 87-உம். இவ்விரண்டும் சேர்ந்தால் விநாடிக்கு 5 விம்மல்கள் எழும். ஒரு விம்மலாவது நிகழ்ந்தால்தான் அங்கே இருப்பவை இரண்டு சுரங்கள் என்று தெளிவாகும். அதற்கு ஐந்தில் ஒரு விநாடி, அதாவது 200 மில்லிவிநாடி ஆகும். வேகமான இசையில் அது மிக நீண்ட நேரம். ஆகவே, எவ்வளவு விலை கொடுத்தாலும், தாழ்ந்த சுரங்களை நெருக்கமாகச் சேர்த்து வாசித்தால் பேஸ் சேறாகத்தான் வரும். பேஸை ஒவ்வொரு சுரமாக வாசிப்பதே நலம்.

ஒலிபெருக்கியை மறவாதீர்

பெட்டி 41 ஹெர்ட்ஸ் மின்னலையைத் தந்துவிட்டால் மட்டும் போதாது. காற்று அசைய வேண்டும். ஒலிபெருக்கியின் கூம்பு அதே ஒலியழுத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே தர வேண்டுமானால் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஆட வேண்டும். சாதாரண கிதார் ஒலிபெருக்கி 82 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளுக்கென்றே அமைந்தது. அதில் 41-ஐ உரக்கச் செலுத்தினால் கூம்பு திணறும், கெட்டுப்போகவும் கூடும். மேலும், நம் காதும் கீழ்ச்சுரங்களை அவ்வளவு கூர்மையாக உணர்வதில்லை. ஆகவே பேஸை மட்டும் தனியாகப் பிரித்து ஒரு பேஸ் ஒலிபெருக்கிக்கு அனுப்புவதே சிறந்தது. இதற்கென இரண்டு வெளியீட்டுத் துளைகள் உள்ள பெடல்கள் உண்டு.

இங்கே காது ஒரு வேடிக்கை செய்கிறது. 41 ஹெர்ட்ஸ் இல்லாவிட்டாலும் அதன் மடங்குகளான 82, 123, 164 ஆகியவை சேர்ந்து கேட்டால், மூளை அவற்றிலிருந்து 41-ஐத் தானே ஊகித்துக்கொள்கிறது. சிறிய டிரான்சிஸ்டர் வானொலியிலும் பேஸ் மெட்டு புரிவது இதனால்தான். ஆனால் சுருதி புரியுமே தவிர, நெஞ்சில் அதிரும் கனம் வராது. கடையில் சிறு ஒலிபெருக்கியில் கேட்டு முடிவு செய்தால் மேடையில் ஏமாறுவீர்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

1. ஒவ்வொரு சுரமாக, விரைவாக, கனத்த ஒலியில் வாசிப்பவருக்கு எண்ணும் பெட்டியே ஏற்றது. அமைப்பும் எளியது.

2. ஒலியை ஒரேயடியாக பேஸாக மாற்றி வாசிக்கவும், சுருதியை வழுக்கவும் விரும்பினால் வாமி போன்றதைப் பார்க்கலாம்.

3. சுரக்கூட்டங்களோடு பேஸும் வேண்டுமானால், பல சுரங்களைக் கையாளும் கணினி முறைப் பெட்டி வேண்டும். கீழ்க்கம்பிகளுக்கு மட்டும் பேஸ் சேர்க்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

4. எதுவானாலும் உங்கள் கிதாரை எடுத்துச் சென்று, மிகத் தாழ்ந்த கம்பியில் மெதுவாகவும் வேகமாகவும் வாசித்துப் பாருங்கள். சுரம் தேயும்போது பெட்டி எப்போது தடுமாறுகிறது என்று கவனியுங்கள்.

5. பெட்டிக்கு மட்டுமன்றி, பொருத்தமான ஒலிபெருக்கிக்கும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஒன்றை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். பெடல் தருவது கிதாரின் நிழலைத்தான். கிதார் மேலே போனால் பேஸும் மேலே போகும். கிதார் நின்றால் பேஸும் நிற்கும். பேஸ் வாசிக்கும் கலைஞரோ, கிதார் ஒரு பக்கம் போகும்போது எதிர்ப்பக்கம் நடப்பார். தாளத்தின் இடைவெளியை நிரப்புவார். உங்கள் நண்பர்களில் ஒருவருக்கு ஆர்வமிருந்தால், அதே பணத்தை ஒரு பழைய பேஸ் கிதாரில் போடுவதே மேல். ஆள் கிடைக்காதபோதுதான் பெட்டி.

செய்து பாருங்கள்

வரைபடத் தாளில் நான்கு சுற்றுகள் கொண்ட சைன் அலை ஒன்றை வரையுங்கள். அதற்குக் கீழே, இரண்டாவது, நான்காவது சுற்றுகளை மட்டும் தலைகீழாகத் திருப்பி மீண்டும் வரையுங்கள். புதிய அலை எத்தனை கட்டங்களுக்கு ஒரு முறை திரும்ப வருகிறது என்று எண்ணுங்கள். ஓ.சி-2 போன்ற பெட்டிகளின் வித்தை உங்கள் தாளிலேயே தெரியும்.

பள்ளிக் கணினியில் 'ஆடாசிட்டி' என்ற இலவச மென்பொருள் இருந்தால், 2 விநாடி பாடிப் பதிவு செய்து, வேகத்தைப் பாதியாக்கிக் கேளுங்கள். குரல் எத்தனை ஸ்தாயி இறங்கியது, எத்தனை விநாடி நீண்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நீளம் மாறாமல் சுருதியை மட்டும் ஒரு ஸ்தாயி இறக்கும் வசதியைப் பயன்படுத்திப் பாருங்கள். துண்டுகள் ஒட்டப்பட்ட இடங்கள் உங்கள் காதுக்குத் தெரிகின்றனவா என்று வகுப்பில் பேசி முடிவு காணுங்கள்.